டிரம்ஸ் பத்திரம்

பழுக்கக் காய்ச்சிய கம்பி பெரிய டிரம்மின் அடித்தோலில் இறங்கியதும் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் எழுந்தது. அவளுக்கு அது மணமாகத்தான் இருந்தது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க ஊசி பிடிக்கிறவள். வலி தெரியாமல் குத்துவதில் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவள். இன்று அந்தக் கெட்டிக்காரத்தனத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, வலிக்கட்டும் என்றே குத்தினாள். வருஷத்துக்கு ஒன்றாகப் பதினொரு ஓட்டை.

பதினொரு வருஷமாக இந்த மூன்றாம் மாடி பால்கனி கணவனின் டிரம்ஸுக்குத்தான் சொந்தம். ஒரே ஒரு தொட்டி வைக்கிறேன் என்று அவள் கேட்கும்போதெல்லாம் "இடம் ஏது?" என்று சிரிப்பான். போன மாதம், தன் குழுவில் பாடுகிறவளோடு தனிக்குடித்தனம் போய்விட்டான். நேற்றுதான் போன் செய்தான். "டிரம்ஸை மட்டும் பத்திரமா பாத்துக்கோ. மூணு மாசத்துல வந்து எடுத்துக்கறேன்." சாப்பிட்டாயா, இருக்கிறாயா, செத்தாயா, ஒரு வார்த்தை கிடையாது. "நல்லாவே பாத்துக்கறேன்" என்று போனை வைத்தாள். உடனே நாத்தனாருக்குப் போன் போட்டு, மூணு மாசத்துல விளையறது என்ன இருக்கு என்று மட்டும் கேட்டாள். எதில் வளர்க்கப் போகிறாள் என்று சொல்லவில்லை.

நாத்தனாருக்கு நாற்றுப் பண்ணையில் வேலை. மாலையில் முட்டை அட்டையோடு வந்தாள். குழிக்கு ஒன்றாக, முளைவிட்ட உருளைக்கிழங்குகள். பால்கனியில் தோல் கழற்றிய டிரம்களையும் மண் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவள், அண்ணனுக்குப் பரிந்துகொண்டு சண்டைக்கு வருவாள் என்று இவள் தயாரானாள்.

"பெரிசுல மூணு போடலாம் அண்ணி. சின்னதுல எல்லாம் ஒண்ணு ஒண்ணு போதும்." முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். "எங்கிட்டயும் சொல்லாமத்தான் போனான்."

முதலில் கால்வாசி மண். செடி தலை தூக்கத் தூக்க, நுனி இலை மட்டும் தெரியும்படி மேலே மேலே மண் ஏற்றினாள். பனி கொட்டிய நாட்களில் அவனுடைய பளபளக்கும் மேடைக் கோட்டைப் போர்த்திவிட்டாள். வாரம் தவறாமல் போன் வந்தது.

"டிரம்ஸ் எப்படி இருக்கு?"

"ஒரு நாள் விடாம கவனிக்கறேன்."

அதில் பொய்யே இல்லை. அவன் அலறப்போவதை நினைத்தபடிதான் தினமும் தண்ணீர் ஊற்றினாள். அந்த அலறல் காதில் விழுந்தால்தான் மனசு ஆறும் போலிருந்தது.

சொன்ன தேதியில் வந்தான். தன் வீடு போலவே சட்டமாகச் சாப்பாட்டு மேஜை முன் உட்கார்ந்தான். சின்ன டிரம்மில் தோண்டிய கிழங்கைத் தோலோடு வேகவைத்து, வெண்ணெயும் உப்பும் போட்டு வைத்தாள். நாலு உள்ளே போன பிறகுதான் நிமிர்ந்தான்.

"வெண்ணெய் மாதிரி கரையுதே. எங்க வாங்கின?"

"வாங்கல. பால்கனில போய்ப் பாரு."

இத்தனை வருஷமாக அவனை 'நீங்க' என்றே கூப்பிட்டவள். அவன் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு எழுந்து போனான்.

அலறல் வரவில்லை. அவள் பால்கனி வாசலில் போய் நின்றாள். பெரிய டிரம்மின் முன்னால் மண்டியிட்டிருந்தான். பழக்க தோஷம், இரண்டு விரலால் பக்கவாட்டில் தட்டினான். தொப்பென்றது. இன்னொரு முறை தட்டினான். பிறகு, பழுத்த இலைகளை ஒதுக்கிவிட்டு மண்ணுக்குள் கையை விட்டான். ஒரு கிழங்கு வந்தது. அதைத் தரையில் வைத்துவிட்டு மறுபடி விட்டான். முழங்கை வரை உள்ளே போனது. அவன் தேடுவது கிழங்கை அல்ல என்று அவளுக்குப் புரிந்தது.

விரல் அடித்தோலைத் தொட்டிருக்க வேண்டும். முகம் வெளுத்தது.

"எத்தனை ஓட்டை போட்ட?"

"எண்ணிப் பாரு."

மண்ணுக்குள் விரல் நகர்வது தோள்பட்டையில் தெரிந்தது. நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. அவள் கதவில் சாய்ந்துகொண்டாள். பதினொன்று வரட்டும் என்று காத்திருந்தாள்.