ஊக்கப் பேரணி நாளின் வருகைப் பதிவு

பிரையர் கிரீக் உயர்நிலைப் பள்ளியை ஜூனில் இடிக்கப் போகிறார்கள். அதன் வரலாற்று மலரை எழுதும் பணி, அங்கே முப்பத்தெட்டு ஆண்டுகள் வருகைப் பதிவு எழுத்தராக இருந்த லொரெய்ன் வாசிக்கிடம் வந்தது. சோளக்காட்டை அழித்துப் பள்ளி எழுந்தது, கிளீவ்லாந்து நகரை விட்டு விலகி வந்த குடும்பங்களின் பிள்ளைகளால் அது நிரம்பி வழிந்தது, பின்னர் குடியிருந்தோர் மூப்படைந்து பிள்ளைகள் குறைய, வகுப்பறைகள் ஒவ்வொன்றாய் இருண்டது என எல்லாவற்றையும் தடையின்றி எழுதினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது பிப்ரவரிக்கு வந்ததும் கை நின்றது.

வராத மாணவரின் வீட்டிற்குப் பத்து மணிக்குள் தொலைபேசியில் சொல்லவேண்டும் என்பது விதி. கூடைப்பந்துப் போட்டிக்கான ஊக்கப் பேரணி நாளில் மட்டும் அந்த விதி உறங்கும். முதல் மணியிலேயே பள்ளி முழுவதும் உடற்பயிற்சிக் கூடத்தில் திரண்டு ஆர்ப்பரிக்கும். அன்று எவரும் விடுப்பெடுப்பதில்லை என்பது பள்ளியின் பெருமை. ஆகவே எவரையும் எண்ணாமல் எல்லாப் பெயருக்கும் நேரே ‘வந்தார்’ என்று குறிப்பது வழக்கம். இருபத்து மூன்று வயது லொரெய்னும் அப்படியே குறித்தாள்.

அன்று அந்தி மயங்கும் வேளையில், பதினாறு வயது மாணவி டார்லா ஹட்சென்ஸ் ஓடைக்கரைப் பனியில் கால் முறிந்து, விறைத்து இறந்து கிடந்தாள். சில மணி நேரம் உயிரோடு கிடந்திருக்கிறாள் என்றார் மருத்துவர். பள்ளிக்கு வந்தவள், பள்ளி விட்டபின் பனியில் ஆட்டம் போடப் போனாள் என்றது பள்ளி. பதிவேடே சாட்சி. மறுநாள் காலை வகுப்பாசிரியர் லொரெய்னின் காதோரம் சொன்னார்: “பேரணியில அவ இடம் காலியாத்தான் இருந்துச்சு.” அதன்பின் இருவரும் அதை எவரிடமும் சொல்லவில்லை.

நாற்பத்தாறு ஆண்டுக்குப் பின் அதை எழுதினாள். தலைமையாசிரியர் ஹாலோரன் படித்துவிட்டுத் தாளைத் திருப்பி நீட்டினார்.

“மிஸஸ் வாசிக், நாம போடுறது வாழ்த்து மலர். இது கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் வேணாங்க.”

“பள்ளிக்கூடத்துக்கே கருமாதிதானே சார் நடக்குது?”

லொரெய்ன் அந்தத் தாளையும், குப்பைக்குப் போகவிருந்த பழைய பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு, முதியோர் இல்லத்தில் இருந்த டார்லாவின் தாயிடம் போனாள்.

எடித் ஹட்சென்ஸுக்குத் தொண்ணூற்றொரு வயது. கண் மங்கியிருந்தாலும் செவி கூர்மை.

“கிறிஸ்துமஸ் இன்னும் வரலையே லொரெய்ன். அதுக்குள்ள அக்ரூட் ரொட்டியா?”

“ரொட்டி இல்ல எடித்.” லொரெய்ன் கொண்டுவந்த தாளை வாசித்துக் காட்டினாள்.

முதியவள் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

“அப்ப காலையிலேயே விழுந்துட்டாளா? பள்ளிக்கூடத்துக்கு வர்ற வழியில?”

“ஆமா.”

“அடங்காத பொண்ணுன்னு ஊர் சொல்லுச்சு. நானும் நம்பினேன். அவ கல்லறையில நின்னே திட்டியிருக்கேன்.” மூச்சு வாங்கியது. “அன்னைக்கு நான் வீட்லதான் இருந்தேன். போன் பக்கத்துல உக்காந்து துணி தேச்சுக்கிட்டிருந்தேன்.”

“அன்னைக்குப் பதிவேடு இதுதான்,” என்று லொரெய்ன் அதை மடியில் எடுத்து வைத்தாள்.

“வருஷம் தவறாம ரொட்டி கொண்டாந்தியே. இதுக்குத்தானா?”

“ஆமா.”

“நல்லாத்தான் இருந்துச்சு. தின்னுட்டேனே, பாவி.”

பின் கையை நீட்டினாள். “அந்த நோட்டைக் கொண்டா. மாத்து.”

லொரெய்ன், டார்லா ஹட்சென்ஸ் என்ற பெயருக்கு நேரே இருந்ததை அடித்து, ‘வரவில்லை’ என்று எழுதினாள். மை மங்கிய வரிசையில் அந்தச் சொல் மட்டும் ஈரமாய் நின்றது.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“சரி. இப்ப வெளிய போய் எனக்குப் போன் பண்ணு.”

லொரெய்ன் நடைவழியில் நின்று கைபேசியில் எடித்தின் எண்ணை அழுத்தினாள். உள்ளே மணி ஒலித்தது. ஒருமுறை, இருமுறை. எடித் எடுத்தாள்.

“மிஸஸ் ஹட்சென்ஸ், பள்ளிக்கூடத்துலேருந்து பேசுறேன். டார்லா இன்னைக்கு வரலைங்க.”

“வரலையா?” என்றது அந்தக் குரல். அது தொண்ணூற்றொரு வயதின் குரலாக இல்லை. “வீட்லேருந்து அப்பவே கிளம்பிட்டாளே! இருங்க, நான் ஓடைப்பக்கம் போய்ப் பாக்குறேன்.”

தொலைபேசி கீழே விழும் ஓசை கேட்டது. அதன்பின் கட்டிலிலிருந்து எழ முயலும் ஓசை.