மாமன் மடி

கொத்தனார் இளவரசனுக்குச் சாயங்காலம் ஆனா ஒரு வசனம் வாயில வந்துடும். "எங்க வூட்டு ஆம்பளைங்க நாப்பதைத் தாண்டினதில்ல. இருக்கிறதே சின்ன வாழ்க்கை, அனுபவிச்சிட்டுப் போறேன்." தாத்தா, பெரியப்பா, அப்பா எல்லாருமே குடிச்சுக் குடிச்சே போய்ச்சேர்ந்தவங்க. அதைச் சொல்லிக்கிட்டே இவனும் குடிச்சான். இந்த மாதிரி ஆளை என்னன்னு சொல்றது, சொல்லுங்க.

இந்த லட்சணத்துலதான் கீழ்பென்னாத்தூர்ல அக்கா மணிமொழியோட பொண்ணு கவிநிலாவுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில உட்கார வெச்சுத்தான் குத்தணும். மாமனோ பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தள்ளாடினான். இவன் மடியில என் புள்ளைய வெக்க மாட்டேன்னு அக்கா ஒரேயடியா சொல்லிட்டா. அக்கா புருஷனோட பங்காளி மடியில குழந்தை உட்கார்ந்துச்சு. அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு அக்கா வீட்டுக் கூடத்துல மாட்டியும் வெச்சாங்க. பார்க்கிறப்பல்லாம் இளவரசனுக்கு வயிறு எரியும். எரியட்டும், நல்லா வேணும்.

ஆனா எரிஞ்சது வீண் போகல. நாலு வருஷம் கழிச்சு அக்கா ரெண்டாவது உண்டானதும், குடியை விடணும்னு இவன் நேரா அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில நின்னான். மாத்திரை, நடுக்கம், வாந்தி எல்லாம் பட்டான். நடுவுல ஒரு தடவை சறுக்கி, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு மறுபடியும் அதே டாக்டர் முன்னாடி போய் நின்னான். வேங்கிக்கால் பக்கம் கட்டட வேலை முடிஞ்சா உடம்பு வலி உயிரை வாங்கும். வெந்நீரை ஊத்திக்கிட்டுப் படுத்துக்குவான்.

சின்னவ பொறந்ததும் அக்காகிட்ட போய், இவளுக்காவது என் மடியில காது குத்தணும்னு கேட்டான். அவ "ஊதுடா"ன்னா. ஊதினான். அப்புறம் எப்பப் போனாலும் வாசல்லயே ஊதணும், டிராபிக் போலீஸே தோத்துடும். கவிநிலா கதவோரம் நின்னு பார்ப்பா. காதுகுத்து அன்னிக்கும் இப்படியே வந்தா குழந்தை உன் மடியிலதான்னு அக்கா கடைசியா ஒத்துக்கிட்டா.

அந்த நாளும் வந்தது. திருவண்ணாமலையில, கோயில் பக்கத்துல ஒரு சின்ன மண்டபம். சீர்த்தட்டை இறக்கி வெச்சவனைக் கூட்டாளி சடையன் மாடிப்படி பின்னால இழுத்துட்டுப் போனான். கையில ஜூஸ் பாட்டில். மூடியைத் திறந்ததுமே விஷயம் தெரிஞ்சுபோச்சு. கம்மியாத்தான் கலந்திருக்கேன், வாசனையே வராதுன்னான். பொய் சொல்லக் கூடாது, இளவரசனுக்கு நாக்கு ஊறிடுச்சு. கையும் பாட்டில் வரைக்கும் போயிடுச்சு.

"நீ சொல்றதுதானேடா, சின்ன வாழ்க்கைன்னு"ன்னான் சடையன்.

"சின்னதுதான்டா. அதான் இன்னிக்கி எனக்கு முழுசா வேணும்."

பாட்டிலை வாங்கி வாஷ்பேசின்ல கவுத்துட்டு உள்ள நடந்தான்.

மணையில உட்கார்ந்ததும் வழக்கம்போல ஊத வாயைக் குவிச்சான். அக்கா ஊதச் சொல்லல. மொட்டை போட்ட குழந்தையை அப்படியே அவன் மடியில வெச்சா. அவளுக்குக் கண்ணு கலங்கியிருந்தது. பத்தர் ஊசியை எடுத்தாரு. குழந்தை வீல்னு கத்திச்சு. ஒரு காலத்துல கிடுகிடுன்னு ஆடின மாமனோட கை ஒரு நூல் அசையல. ரெண்டு காதும் முடிஞ்சுது. இளவரசன் நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

பத்தர் பெட்டியை மூடப் போனப்ப கவிநிலா குறுக்க வந்து நின்னா. தனக்கும் குத்தணும்னா. உனக்குத்தான் அப்பவே குத்தியாச்சேடின்னு அக்கா அதட்டினா. அவ காதை இழுத்துக் காட்டினா.

"மேல எடம் இருக்குதில்ல? இன்னொரு ஓட்டை போடுங்க. மாமா மடியில."

சொல்லிட்டு யார் பதிலுக்கும் காத்திருக்கல. தங்கச்சியைத் தூக்கி அம்மாகிட்ட கொடுத்துட்டு, ஏறி உட்கார்ந்துட்டா. இளவரசன் அழுதுட்டான், மறைக்கவும் இல்ல.

போட்டோக்காரரைக் கூப்பிடச் சொன்னது மணிமொழிதான். கூடத்துல மாட்டியிருக்கிற சட்டத்துல படத்தை மாத்தணுமாம்.