மூன்று பிரதி, ஒரு ஜன்னல்

அண்ணியின் கால்நடை மருத்துவமனையில் மூன்று கணினிகள், மூன்று செயலிகள்: வரவேற்பில் ஒன்று, சிகிச்சை அறையில் ஒன்று, மருந்தறையில் ஒன்று. எல்லாம் பிரவுசரில் ஓடுபவை. எழுதியவள் நான். தரவுத்தளத்துக்கென்று தனி சர்வர் வைக்கவில்லை. செயலிக்குள்ளேயே குடியிருந்து, ஒரே கோப்பில் எல்லாவற்றையும் எழுதி வைக்கும் சின்ன வகையாகப் பார்த்துப் போட்டேன். மேய்க்க ஆள் வேண்டாம், அழகான சாமான்.

அதற்கு ஒரு குணம் உண்டு. கோப்பை முதலில் திறக்கும் செயலி உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ளும். அடுத்தது வந்தால் 'பூட்டியிருக்கிறது' என்று திருப்பி அனுப்பிவிடும். வீம்பு இல்லை. இரண்டு பேனா ஒரே வரியில் விழுந்தால் எழுத்து பாழாகுமே என்ற கவலை. அந்தக் கவலையை மதிக்காமல் நான் கோப்பை மூன்று பிரதி எடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டேன். இரவு மருத்துவமனை மூடியதும் மூன்றும் சேர்ந்துகொள்ளும் என்று ஏற்பாடு.

இன்று காலை ஒரு பழுப்பு நாய் வந்தது. போன தடவை போட்ட ஊசியில் அதன் முகம் வீங்கிப்போனதாகச் சொந்தக்காரர் வரவேற்பில் சொன்னார். வரவேற்புப் பெண் உடனே தன் கணினியில் பதிவு செய்தாள். பத்து நிமிடம் கழித்து அண்ணியின் திரையில் 'ஒவ்வாமை: இல்லை' என்றிருந்தது. அண்ணி அதே ஊசி மருந்தைக் கேட்டு மருந்தறை ஜன்னலுக்குப் போனார். உள்ளே மருந்து எடுத்துக் கொடுக்கும் அக்காவை நாங்கள் கறார் என்போம்.

"எதுக்கு டாக்டர்?"

"பழுப்பு நாய்க்கு."

"அந்த மனுஷன் மூஞ்சி வீங்குச்சுன்னு கூடம் முழுக்கக் கேக்கற மாதிரி சொன்னாரே. இத நான் தர மாட்டேன்."

நாய் தப்பித்தது. நான் மாட்டிக்கொண்டேன்.

"நாத்தனாராச்சேன்னு இவ்வளவு நாள் பொறுத்துக்கிட்டேன்," என்றார் அண்ணி. "பரண்ல கையால எழுதுன பழைய அட்டையெல்லாம் இருக்கு. சாயங்காலம் நாலு மணிக்குக் கதவத் திறக்கறப்ப இது சரியாகலேன்னா அட்டை கீழ வரும், உன் கம்ப்யூட்டர் மேல போகும்."

"மூணே முக்காலுக்கு முடிச்சிடறேன் அண்ணி."

"வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல."

மருந்தறை ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அலமாரிக்கு ஒரே சாவி. அது கறார் இடுப்பில். டாக்டரே ஆனாலும் உள்ளே கை விடுவதில்லை, ஜன்னலில்தான் கேட்கிறார். யாராவது ஒரு நிமிடம் காத்திருக்க நேரும், அவ்வளவுதான். என் கோப்புக்கும் வேண்டியது இதுதானே.

தரவுத்தளத்தை மூன்று செயலிகளின் வயிற்றிலிருந்தும் வெளியே எடுத்தேன். இனி ஒரு சின்ன நிரல் மட்டும் கோப்பைத் திறந்து வைத்திருக்கும். செயலிகள் அதனிடம் கேட்கும், அது எடுத்துக் கொடுக்கும். எழுத வேண்டியதையும் வந்த வரிசையில் அதுவே எழுதும். பூட்டு பூட்டாகவே இருக்கிறது, சாவி ஒருவரிடம். அந்த நிரலுக்குக் 'கறார்' என்றே பெயர் வைத்தேன்.

இதெல்லாம் ஒரு மணி நேர வேலை. நேரத்தைத் தின்றது மூன்று பிரதிகளையும் ஒன்றாக்கியதுதான். காலையிலிருந்து பதினான்கு இடங்களில் ஒன்றுக்கொன்று முரண். எது சரி என்று கணினியைக் கேட்டால் அது கையை விரிக்கும். வரவேற்புப் பெண் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்டாள், நான் திருத்தினேன்.

மூணே முக்காலுக்கு அண்ணி வந்தார். "நீ உள்ள போய் உக்காரு. நானே போட்டுப் பாக்கறேன்."

சிகிச்சை அறைத் திரையின் முன் உட்கார்ந்தேன். வரவேற்பில் விசை தட்டும் சத்தம் கேட்டது. பட்டியலைப் புதுப்பித்தேன். பழுப்பு நாய்க்கு நேராகச் சிவப்பில் ஒவ்வாமை. அதன் கீழே, இப்போதுதான் பிறந்த ஒரு வரி: 'பெயர்: நாத்தனார். ஒவ்வாமை: சொல்பேச்சு.'

நான் பதில் தட்டுவதற்குள் மருந்தறை ஜன்னல் திறந்தது.

"டாக்டர்," என்றார் கறார், தன் திரையைப் பார்த்தபடி, "இந்த உருப்படிக்கு என்கிட்ட மருந்து இல்ல."

அண்ணி சிரித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தார். மணி நாலாக இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.