எதிர்ப்பக்கம் சுற்றிய சுருள்

ஜெஸ்மி செய்த மூலக்கூறு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கேட்காமல் போனதுதான் பெரிய விஷயமாகிவிட்டது.

புரதம் மாதிரி இருக்கும், ஆனால் புரதம் அல்ல. பெப்டாய்டு என்று பெயர். பன்னிரண்டு மணிகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பிடியை விட்டால் தானாகவே சுருண்டுகொள்ளும். எந்தப் பக்கம் சுற்றும் என்பது மணிகளைச் செய்யப் போடும் அமீன் என்ற திரவத்தைப் பொறுத்தது. அமீனில் எஸ், ஆர் என்று இரண்டு வகை. ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். எடை ஒன்று, கொதிநிலை ஒன்று, அந்த மீன்வாடையும் ஒன்று. எஸ் போட்டால் சுருள் வலப்பக்கம் சுற்றும், ஆர் போட்டால் இடப்பக்கம். ஜெஸ்மி எஸ் போட்டாள். நடுவில் மட்டும் எந்தப் பக்கமும் சாயாத ஒரு மணியைச் சேர்த்தாள். திருவனந்தபுரத்தில் அளந்து வாங்கிய வரைபடத்தில் சுருள் இடப்பக்கம் சுற்றியிருந்தது.

அவளுடைய வழிகாட்டி ஸ்ரீகலா நெய்யாற்றின்கரைக்காரர். சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தார். "ஒத்த மணி மொத்தச் சுருளையும் திருப்பிப் போட்டிருக்கு, பாத்தியா பிள்ளே!" மூன்றே வாரத்தில் கட்டுரை தயார். திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். ஜெஸ்மிக்கு உதவித்தொகை மார்ச்சோடு நின்றுவிடும். கட்டுரை வெளிவந்தால்தான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுக்கவே முடியும்.

சனிக்கிழமை ஹாஸ்டலிலிருந்து உதியன்குளங்கரை வீட்டுக்கு வந்த ஜெஸ்மி சாயா போட்டாள். காப்பிப்பொடிக் குப்பியில் வெள்ளையாக இருந்ததை இரண்டு ஸ்பூன் அள்ளிப் போட்டு, ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள்.

"அது உப்பாக்கும்," என்றாள் அம்மா ஞானபாய். "சீனி ஊறுகாய்க் குப்பியில கெடக்கு. நாலு வருஷம் ஹாஸ்டல்ல கெடந்தா வீட்டுக் குப்பி மறந்து போவுமா?"

ஜெஸ்மிக்குக் கல்லூரி லேபில் இருக்கும் ஒரு குப்பி ஞாபகத்துக்கு வந்தது. ஓணம் லீவு விட்ட அன்று ஆர் குப்பியின் மூடி விண்டிருந்தது. அமீனில் காற்றுப் பட்டால் வெள்ளையாகக் கட்டிப்போகும். எஸ் தீர்ந்த குப்பி ஒன்று, மூடி கெடாமல் இருந்தது. அதைக் கழுவிக் காயவைத்து ஆரை அதில் ஊற்றினாள். நல்ல குப்பியைத் தூர எறிய இந்த வீட்டுப் பெண்ணுக்குக் கை வராது. லேபிளைப் பிறகு மாற்றலாம் என்று ரயிலுக்கு ஓடினாள். பத்து நாள் கழித்து வந்தவளின் கண்ணுக்கு அது எஸ். புது எஸ் வந்தும், திறந்ததை முதலில் தீர்ப்போம் என்று அதையே எடுத்தாள்.

"என்ன மக்கா, மொகம் வெளிறிப் போச்சு?"

"பெரிய தப்பு பண்ணிட்டேன் அம்மா. லேபுல குப்பி மாறிப் போச்சு."

"ஆராவது குடிச்சாச்சா?"

"இல்ல."

"அப்போ இந்தச் சாயாவக் கொட்டிட்டு வேற போடு."

அவள் சாயா போடவில்லை. பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனாள். அந்தக் குப்பியில் மிச்சமிருந்ததை, ஒளியை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று அளக்கும் போலாரிமீட்டரில் வைத்தாள். எஸ் என்றால் மைனஸ் காட்ட வேண்டும். பிளஸ் காட்டியது. மூன்று தடவை வைத்தாள். மூன்று தடவையும் பிளஸ். சந்தேகம் தீர்ந்தது. சந்தேகம் இருந்தவரைக்கும் எவ்வளவு சுகமாக இருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நடு மணி எதையும் திருப்பவில்லை. ஆர் போட்டால் ஆர் செய்கிற வேலையைத்தான் சுருள் செய்திருக்கிறது. குப்பியில் பத்து மில்லிதான் பாக்கி. ஸிங்கில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டால் உலகத்தில் எவனுக்கும் தெரியப் போவதில்லை. மார்ச்சை நினைத்து அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு குப்பியை மூடிப் பூட்டி வைத்துவிட்டு ஸ்ரீகலாவின் வீட்டுக்கு நடந்தாள்.

சாப்பாட்டு மேசையில் கட்டுரை விரிந்து கிடந்தது. "வா பிள்ளே, கடைசிப் பாராவத்தான் பாத்துட்டு இருக்கேன்," என்றார் ஸ்ரீகலா.

ஜெஸ்மி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்ரீகலா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இது வேற ஆருக்குத் தெரியும்?"

அந்தக் கேள்வி எந்தப் பக்கம் போகிறது என்று ஜெஸ்மிக்குப் புரிந்தது. பயமாக இருந்தது.

"எங்க அம்மைக்குத் தெரியும் மேடம்."

"அம்மைக்கா? அவங்களுக்கு இதுல என்ன மனசிலாவும்?"

"நான் தப்பு பண்ணிட்டேன்னு மனசிலாச்சு."

ஸ்ரீகலா அவளை ஏறிட்டுப் பார்த்தார். முகத்தில் முதலில் கோபம் வந்தது, அப்புறம் வெட்கம் வந்தது. பேனாவை மூடினார்.

"திங்கக்கிழம ஒண்ணும் அனுப்பண்டாம். புது எஸ் எடுத்து முதல் மணியில இருந்து திரும்பக் கோக்கணும்."

"மார்ச்சுக்குள்ள முடியாது மேடம்."

"முடியாதுதான்," என்றார் ஸ்ரீகலா.