நடக்காத தேர்தலின் மை

மாநிலங்களவை இடைத்தேர்தலில் வாக்குப்பதிவே நடக்காத அந்த வெள்ளிக்கிழமை, மாரிகுப்பத்துப் பம்ப் லைன்காரர்கள், கௌதமன் ஒருவனைத் தவிர, எல்லோரும் காலை ஏழரைக்குள் ஓட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள். அந்தத் தேர்தலில் ஓட்டுப் போடுகிறவர்கள் எம்.எல்.ஏ.க்கள், அதுவும் பெங்களூரில், சட்டசபைக் கட்டிடத்துக்குள். கோலார் தங்கவயலில் அதற்குச் சாவடியும் கிடையாது, பெட்டியும் கிடையாது. போதாததற்கு, நின்றவர் ஒரே ஒருவர் என்பதால் வாபஸ் வாங்கும் கடைசி நாளிலேயே அவர் ஜெயித்ததாக அறிவித்து மாலையும் போட்டாயிற்று. வாக்குப்பதிவுக்கென்று குறித்திருந்த வெள்ளிக்கிழமை மட்டும் யாருக்கும் உதவாமல் மிச்சம் கிடந்தது. யாருக்கும் உதவாதவை கடைசியில் வந்து சேருகிற இடம் பம்ப் லைன். அந்த நாளும் அங்கேதான் வந்தது.

காலியான இடத்தில் முன்பு இருந்தவர் நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். இறப்பதற்கு முந்தின வருடம் தங்கவயலுக்கு வந்து, யூனியன் ஹாலில் மின்விசிறி ஓடாத மதியத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வெள்ளைக்காரன் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய தகரக்கூரை லைன் வீடுகளில் மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்தாயிற்று. வீடு மட்டும் இன்னும் கம்பெனி பேரிலேயே இருக்கிறது. தொழிற்பேட்டை வருகிறது, லைனை இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு. இந்த வீடுகளை இருப்பவர்களுக்கே எப்போது கொடுப்பீர்கள் என்று டெல்லியில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கேட்பதற்குள் மாரடைப்பு வந்தது. பம்ப் லைனில் அவருக்கு பேனர் வைத்து அழுதார்கள். அழுகையில் பாதி அந்தக் கேள்விக்கு.

பம்ப் லைன் தங்கம்மாவுக்குப் பட்டா எல்லாம் பெரிதில்லை. அவள் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. கணவர் தாமோதரன் சுரங்கத்துக்குள் மரத்தூண் கொடுத்துப் பாறையைத் தாங்க வைக்கும் டிம்பர்மேனாக இருந்தவர். கல்தூசி நெஞ்சில் இறங்கி, ஜன்னலோரம் ஆக்சிஜன் சிலிண்டரோடு படுத்திருந்தார். ஆளை அசைக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாமோதரனும் அதையேதான் சொன்னார்: “இந்தச் சொவுத்துலதாம்மே நான் சாய்வேன். வேற எங்கியும் இட்டுனு போவாத.” அவருடைய மூச்சு முடிகிறவரைக்கும் அந்தச் சுவர் நிற்க வேண்டும். தங்கம்மா கேட்டது அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கம்பெனிச் சங்கு ஊதியது. அந்தச் சங்கைச் சுரங்கம் மூடிய மறுவருடமே பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். அது இருந்த கோபுரத்தில் காக்கை முட்டையிட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும் ஊதியது. தங்கவயலில் சங்கு ஊதினால் ஏன் என்று கேட்கிற வழக்கம் கிடையாது. நேரத்தில் ஊதினால் ஷிப்ட், நேரம் கெட்டு ஊதினால் கீழே பாறை வெடித்திருக்கிறது. இரண்டுக்கும் கால் சுரங்க வாயான ஷாஃப்ட் பக்கம்தான் போகும். தண்டவாள வேலை என்று அன்று காலை ரயிலை நிறுத்தியிருந்ததால் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களும் வீட்டில்தான் இருந்தார்கள். எல்லோரும் போய் டோக்கன் ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றார்கள். ஒரு கை நுழைகிற அளவுக்குச் சுவரில் ஒரு ஓட்டை, அதுதான் ஜன்னல். செங்கல் வைத்து அடைத்திருந்தது அன்று திறந்திருந்தது.

டோக்கன் வாங்குகிற முறை எல்லோருக்கும் தெரியும். நம்பரைச் சொல்ல வேண்டும், வலது கையில் சாப்பாட்டு டப்பா இருப்பதால் இடது கையை உள்ளே விட வேண்டும், பித்தளை வில்லையை வாங்கிக்கொண்டு நகர வேண்டும். உள்ளே இருப்பவரின் முகத்தை யாரும் எந்தக் காலத்திலும் பார்த்ததில்லை. நம்பர் இல்லாத பெண்களும் பிள்ளைகளும் அப்பன் நம்பரையோ பாட்டன் நம்பரையோ சொன்னார்கள். உள்ளே ஒரு கை விரலைப் பிடித்ததாம். குளிர்ந்த கை, மரியாதையான பிடி. வெளியே எடுத்தபோது வில்லை இல்லை. இடது ஆள்காட்டி விரலில் நகத்திலிருந்து முதல் கணு வரை கறுப்பு மை இருந்தது.

தங்கம்மா தன் அப்பா நம்பரைச் சொல்லி மை வாங்கிக்கொண்டு நகர்ந்தவள், நின்று திரும்பினாள். கூட்டாளி வர முடியாமல் போனால் அவன் நம்பரையும் சொல்லி அவன் வில்லையை வாங்கி வைத்துக்கொள்வது சுரங்கத்து வழக்கம். அவனுக்கு அன்றைய சம்பளம் போய்விடக் கூடாதே. தாமோதரனுக்காக எத்தனையோ பேர் வாங்கியிருக்கிறார்கள், அவரும் எத்தனையோ பேருக்கு வாங்கியிருக்கிறார். தங்கம்மா மறுபடி கையை விட்டு, “நாலாயிரத்து எழுவத்தொண்ணு” என்றாள். அவள் கையில் இரண்டாவது மை விழவில்லை. வீட்டுக்கு வந்தால், படுக்கையில் கிடந்த தாமோதரன் தன் விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மை இன்னும் காயவில்லை.

“யாருக்கு போட்டம்மே?” என்று கேட்டார்.

“தெரிலயே” என்றாள் தங்கம்மா.

மை போகவில்லை. சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பப்பாளிப் பால் எல்லாம் பார்த்தார்கள். நகம் வளர்ந்தது, வெட்டினார்கள், புது நகமும் கறுப்பாகவே வந்தது. முதலில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ரயிலில் பம்ப் லைன்காரர்களைக் கண்டால் “இன்னா எம்.எல்.ஏ., டிக்கெட் எடுத்தியா?” என்று கேலி பேசினார்கள். மை படாதவன் கௌதமன் மட்டும்தான். பெங்களூரில் பதினான்கு மாடி ஆபீஸ் ஒன்றில் லிஃப்ட் பார்க்கிறவன். ரயில் நிற்கப் போவது தெரிந்து முந்தின நாளே போய் அங்கேயே படுத்துக்கொண்டான். அப்பன் சுரங்கத்துக் கேஜில் கீழே போனார், பிள்ளை லிஃப்டில் மேலே போகிறான், சம்பளம் மட்டும் அங்கேயே நிற்கிறது என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

அந்தக் கௌதமன்தான் ஒரு நாள் புது உறுப்பினரைப் பார்க்கப் போனான். நாங்கள்தானே உங்களுக்கு ஓட்டுப் போட்டோம், அந்தக் கேள்வியை நீங்களாவது கேளுங்கள் என்று சொல்வதாகத் திட்டம். கன்னடக்கார உதவியாளர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். “உங்க ஜனங்க ஓட்டே போடல்லப்பா. யாருமே போடல்ல. சாருக்கும் உங்களுக்கும் ஏன் சம்பந்தா?”

“எங்க ஜனங்க வெரல்ல மை கீதுங்க சார்.”

“மை நம்மது அல்ல” என்றவர், வந்தவன் பசியோடு போகக் கூடாது என்று சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சித்ரான்னம் நன்றாக இருந்தது என்று கௌதமன் திரும்பி வந்து சொன்னான்.

அடுத்த வருடம் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது, கூடவே நகரசபைத் தேர்தலும் வந்தது. வீடுகளை இருப்பவர்களுக்கே விடு என்று நகரசபை தீர்மானம் போட்டால் இடிப்பது நிற்கும் என்று வக்கீல் சொன்னார். கௌதமன் நின்றான். அந்த வார்டில் பம்ப் லைன் யார் பக்கம் சாய்கிறதோ அவர்தான் ஜெயிப்பார், எதிர்த்து நின்றவரே அதை ஒப்புக்கொண்டிருந்தார். தங்கம்மாவுக்குப் பல மாதம் கழித்து ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

ஓட்டு நாளன்று சாவடி அதிகாரி விரல்களைப் பார்த்தார். பள்ளிக்கூட வாத்தியார், நல்லவர். வேறு விரலில் மை வைத்து அனுமதிக்கிறேன் என்று நடுவிரலில் வைத்துப் பார்த்தார். சேப்பங்கிழங்கு இலையில் விட்ட தண்ணீராக மை உருண்டு கீழே விழுந்தது. மோதிர விரலிலும் நிற்கவில்லை. மேலே போன் போட்டார். மை இருப்பவர் ஓட்டுப் போட்டவர், புது மை ஏறாதவர் ஓட்டுப் போட முடியாதவர் என்று பதில் வந்தது. ஒரு காலத்தில் சம்பளத்துக்காகச் சுரங்கத்தையே நிறுத்திய ஜனங்கள், அன்று சத்தம்கூடப் போடாமல் வரிசையில் நின்று, ஒவ்வொருவராக விரலை நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்பினார்கள்.

மதியத்துக்கு மேல் தாமோதரனை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள், பக்கத்தில் சிலிண்டர். அந்த வாரம் முழுக்கத் தங்கம்மா அவர் விரலைச் சுண்ணாம்பும் கல்லும் போட்டுத் தேய்த்திருந்தாள். தோல் உரிந்துவிட்டது. உரிந்த சதையிலும் மை இருந்தது. அதிகாரி அந்த விரலை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

“உங்க ஓட்டு ஆயிப்போச்சுங்க ஐயா.”

“நான் படுத்துனுதான் இருந்தேன் சார். எயுந்திருக்கவே இல்ல.”

கௌதமனுக்கு விழுந்தது அவனுடைய சொந்த ஓட்டு ஒன்றுதான்.

மழைக்கு முன்பே இடிக்கும் இயந்திரங்கள் வந்தன. பங்காருபேட்டைச் சாலையில் புதுக் குடியிருப்பு ஒதுக்கியிருந்தார்கள். தண்ணீர் வரும், கதவைச் சாத்த முடியாது. தாமோதரனைச் சாமான் வண்டியில் மெத்தை போட்டு ஏற்றினார்கள். வண்டியின் பக்கப் பலகையில் முதுகைச் சாய்த்தபடி, குடியிருப்பு கண்ணில் படுவதற்குள் இறந்துபோனார். அவருக்காக நீட்டிய கைதான் அவர் ஓட்டையும் சுவரையும் தின்றது என்ற நினைப்பு தங்கம்மாவை விடவே இல்லை. அப்படியில்லை என்று சொல்ல வந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டுக் காபி குடித்தார்கள். ஓட்டைப் பொறுத்தவரை அது உண்மை என்று அவர்களுக்கும் தெரியும்.

அப்புறம் எத்தனையோ தேர்தல்கள் வந்தன. ஓட்டு இல்லாத ஜனங்களிடம் எந்தக் கட்சி வரும்? யாரும் வரவில்லை, பழைய லைன்காரர்களும் எதிர்பார்ப்பதை விட்டார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் கௌதமன் மட்டும் உள்ளே போவான். மற்றவர்கள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, அவன் வெளியே வரும் வரை சாவடிக்கு எதிரே நிற்பார்கள். புதுப் போலீஸ்காரர்கள் மட்டும்தான் ஏன் என்று கேட்பார்கள்.

போன ஆடியில் கௌதமனின் மனைவி மமதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஓவியா என்று பேர் முன்பே வைத்தாயிற்று. தங்கம்மாதான் குளிப்பாட்டினாள். புதிதாக வேலைக்கு வந்திருந்த நர்ஸ் ஷில்பா, குழந்தையின் இடது ஆள்காட்டி விரலில் ஏதோ அழுக்கு என்று பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். தங்கம்மா அவள் கையைப் பிடித்தாள்.

“உடும்மா, கொயந்தைக்கு வலிக்கும். அது போவாது.”

“இன்னாக்கா அது?”

“ஓட்டு போட்டுகீது.” தங்கம்மா அந்தச் சின்னக் கையை மடக்கித் துணிக்குள் வைத்தாள். “யாருக்குன்னுதான் தெரில.”

ஷில்பா பஞ்சைக் கீழே போட்டுவிட்டு எடை பார்த்தாள். இரண்டே முக்கால் கிலோ இருந்தது.