மாமி ஏறினால் நிற்கும் கார்

ஸரூக்கின் பழைய ஒஸ்டின் காருக்கு அவனுடைய மாமியைக் கண்டால் ஆகாது என்று பதுளைக் கடைவீதியில் ஒரு பேச்சு இருந்தது. காரணம் இல்லாமல் யாரும் அப்படிப் பேசவில்லை. வெலிமடையிலிருந்து பின் பெட்டி நிறைய லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு வந்தாலும் அந்தக் கார் முனகாது. அப்புத்தளையில் முன்னால் போகிற பஸ்ஸே தெரியாத பனியிலும் அசராமல் ஏறும். ஆனால் ஸவாஹிரா மாமி பின் சீட்டில் உட்கார்ந்து, கார் ஒரு நல்ல ஏற்றத்தைக் கண்டதோ இல்லையோ, இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும். அதைவிட மோசம், மாமி இறங்கி வீதியோரம் போய் நின்ற பிறகு சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிவிடும்.

மாமி இறங்காமல் உள்ளேயே இருந்தால் என்ன என்று கேட்கலாம். ஏற்றத்தில் நின்ற வண்டி பின்னுக்கு உருண்டுவிடும் என்று அவருக்குப் பயம். கார் இரும ஆரம்பிக்கும்போதே கதவுப் பிடியில் கை வைத்துவிடுவார். நாலு பேர் ஸலாம் சொல்லும் மனுஷி, கொழுந்து பறித்துவிட்டுப் போகிற பெண்கள் நின்று பார்க்க, மதகில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது லேசான காரியமா? பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்ற வருடத்தில் மட்டும் அந்தக் கார் மாமியை ஒரு நாளும் இறக்கிவிடவில்லை. ஓடினால்தானே நிற்பதற்கு.

மாமி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இது காரின் வேலை இல்லை, மருமகனின் வேலை. தன்னை ஏற்றிக்கொண்டு போக விருப்பமில்லாமல் காலடியில் எதையோ அமத்துகிறான். அதை அவர் ஸரூக்கிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். அந்த வீட்டில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் வழக்கமில்லை. கோபமொன்றுமில்லை, மரியாதைதான். ஸரூக் கல்யாணம் முடித்து மாமி வீட்டோடு வந்து சேர்ந்த நாள் முதல், மாமி சொல்ல வேண்டியதெல்லாம் அவன் மனைவியான மகள் ஸில்மியா வழியாகத்தான் வரும். அவன் எதிரிலேயே இடியப்பம் தின்றுகொண்டிருப்பான். மருமகனுக்கு இன்னும் சொதி வேணுமா கேளுங்க என்று மாமி மகளிடம் சொல்வார். அவனும் ஸில்மியாவின் முகத்தைப் பார்த்துத்தான் போதும் என்பான்.

காரிலும் அதே ஒழுங்குதான். ஸில்மியா முன்னால், மாமி டிரைவருக்கு நேர் பின்னாலுள்ள மூலையில். அங்கே இருந்தால் கண்ணாடியில் முகம் விழாது. அந்த மூலையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி விரித்திருக்கும். மாமி வராத நாளிலும் அதில் யாரும் உட்கார மாட்டார்கள், ஒரு பார்சலைக்கூட வைக்க மாட்டார்கள்.

இப்படி இருக்கையில் மாமியின் கடைசி மகன் மிப்ரானுக்குப் பண்டாரவளையில் பெண் அமைந்து, ஞாயிற்றுக்கிழமை பேச்சுக்குப் போக நாள் குறித்தார்கள். அதே வாரம் எல்ல என்ற ஊர்ப் பக்கமிருந்து ஒரு ஹோட்டல்காரர் காரை விலைக்குக் கேட்டு வந்தார். ஓட்டுவதற்கல்ல. சக்கரங்களைக் கழற்றி, கல் அடுக்கி ஹோட்டல் வாசலில் ஏற்றிவைத்து, எஞ்சின் இருக்கும் இடத்தில் மண் நிரப்பிப் பூக்கன்று நடப்போகிறாராம். வெள்ளைக்காரர்கள் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்களாம். ஸரூக் சிரித்து அனுப்பிவிட்டான். மாமி சிரிக்கவில்லை.

அன்று பகல் சோற்றுக்கு உட்கார்ந்தபோது ஸில்மியா வழியாகத் தீர்ப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாமி இந்தக் காரில்தான் போவார். வழியில் நிற்காவிட்டால் நல்லது. நின்றால் திங்கட்கிழமை கார் எல்லக்குப் போய்விட வேண்டும். வீடும் மாமியுடையது, கார் நிற்கும் முற்றமும் மாமியுடையது. ஸரூக் சரி என்றான். அது அவன் தன் பாத்திரக் கடையில் கண்ட முதல் லாபத்தில் வாங்கிய கார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகுமுன் தன் முகத்தைக் கழுவுவதைவிடக் கவனமாக அதைக் கழுவுவான். அதன் எஞ்சினில் பூக்கன்று முளைப்பதை நினைத்தபோது அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே காரைச் சதீஸ்குமாரின் கராஜில் கொண்டுபோய் விட்டான். சதீஸ்குமார் தெமோதரைத் தோட்டத்துப் பிள்ளை, பதுளையில் கராஜ். கார் வயரிங்கில் கைகாரன் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரில் பாதியை அவனே பரப்பியிருந்தான். அவன் பொறி கொடுக்கும் கொயிலை மாற்றினான். கள்ளன் பிடிபட்டான் என்றான். பிறகு பியூஸ் பெட்டியைச் சுரண்டித் துடைத்துவிட்டு, இவன்தான் உண்மையான கள்ளன் என்றான். பெற்றோல் பம்ப் பின் பெட்டிக்குள் இருப்பதால், பின் சீட்டின் அடியால் அதற்குப் போகும் வயரையும் விட்டுவைக்கவில்லை. வெள்ளைத் துணியை மரியாதையாக மடித்து வைத்து, பின் சீட்டைக் கழற்றி வெளியே எடுத்து, வயரின் முனையில் சோதனை பல்பைப் பிடித்துப் பார்த்தான். பளிச்சென்று எரிந்தது. பிறகு இருவரும் முன்னால் ஏறி அப்புத்தளை வரை போய் வந்தார்கள். கார் பாடிக்கொண்டே ஏறியது. அண்ணன் முறையில் ஸரூக்கை நானா என்று அழைக்கும் சதீஸ்குமார் கையைத் துடைத்தான்.

"வண்டில ஒரு கொறையும் இல்லீங்க நானா. நின்னாத்தானே புடிக்க முடியும்? ஒங்க மாமியார ஒரு தடவ ஏத்திக்கிட்டு வாங்க, பாத்துருவோம்."

ஸரூக் அவனை ஏற இறங்கப் பார்த்தான். மாமியை, கராஜ் ஆளோடு, சோதனை ஓட்டத்துக்கு! அதைக் கேட்பதைவிடக் காரை இனாமாகவே எல்லக்குக் கொடுத்துவிடலாம். கடைசியில் வேறொரு ஏற்பாடு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சதீஸ் தெமோதரை ஏற்றத்தில் தற்செயலாக நிற்பதுபோல் நிற்க வேண்டும்.

அந்த ஞாயிறு விடிந்ததே குழப்பத்தில். எல்லோரும் வேனில், மாமியும் மகளும் மருமகனும் காரில் என்று பேச்சு. புறப்படுகிற நேரத்தில் பெண் வீட்டுக்குக் கொண்டுபோகிற வட்டிலப்பப் பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் இல்லை என்று ஸில்மியா வேனில் ஏறிவிட்டாள். காரில் மிஞ்சியது மாமியும் மருமகனும்தான். தூது போக ஆளில்லாமல் இருவரும் வாயில்லாப் பூச்சிகளாக ஊரைத் தாண்டினார்கள். மாமி மெல்லிய குரலில் ஓதிக்கொண்டு வந்தார். ஸரூக்கும் மனதுக்குள் ஓதினான். மாமி நல்ல சம்பந்தம் கேட்டு ஓதினார், அவன் நல்ல எஞ்சின் கேட்டு ஓதினான்.

தெமோதரையில் தூறல் பிடித்துக்கொண்டது. சொன்ன இடத்தில் சதீஸ் நின்றான். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற தோரணை, ஒரு கையில் குடை, மறு கையில் சந்தைக்குப் போய் வந்தவன் வேஷத்துக்காக ஒரு பூக்கோவா. கார் அவனைத் தாண்டி ஏற்றத்தில் ஏறியது. மாமி சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச தூரம்தான். ஒரு இருமல். இன்னொரு இருமல். பிறகு மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

ஸரூக் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். மாமிக்குக் குடை பிடிக்கலாம் என்று கதவருகே வந்தால், மாமி இறங்கவில்லை. இன்றைக்கு மகனுக்குப் பெண் பேசப் போகிற பட்டுச் சாரி. கீழே செம்மண் சேறு. கார் உருண்டால் உருளட்டும் என்று, துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து இருந்துவிட்டார். அந்த முகத்தில் திங்கட்கிழமை தெளிவாகத் தெரிந்தது.

சதீஸ் மூச்சிரைக்க ஓடி வந்தான். மாமி அவனையும் பார்த்தார், பூக்கோவாவையும் பார்த்தார். அவன் பொனட்டைத் திறந்தான். பொறி அடிக்கிறது, ஆனால் பெற்றோல் வரவில்லை. பின்னால் போய்ப் பெட்டியைத் திறந்து பம்பில் சோதனை பல்பைப் பிடித்தான். எரியவில்லை. கராஜில் பல்பை எரித்த அதே வயர். சதீஸுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. இத்தனை நாளும் மாமி இறங்கிய உடனே ஓடி ஒளிந்த கள்ளன், இன்றைக்கு மாமி இறங்காததால் நின்ற இடத்திலேயே மாட்டிக்கொண்டான். ஆனால் வயரில் எந்த இடத்தில் என்று தெரிந்தால்தானே.

மாமி தொண்டையைச் செருமினார். முன் சீட்டைப் பார்த்தார். அங்கே ஸில்மியா இல்லை. ஜன்னலைப் பார்த்தார். மழையிடம் சொல்லி என்ன பயன்? பிறகு, கல்யாணம் முடித்த நாளிலிருந்து ஸரூக் கண்டிராத ஒன்றைச் செய்தார். அவன் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"மகன், அந்தச் சத்தம் நிண்டுட்டு."

ஸரூக் குடையோடு ஜன்னலருகே குனிந்தான். "என்ன சத்தம் மாமி?"

"எனக்குப் பின்னால டிக் டிக்கெண்டு ஒரு சத்தம் வரும். அது நிண்டாப் பொறகுதான் ஒவ்வொரு நாளும் காரு நிக்கிற. நான் மொத நாளே ஸில்மியாட்ட செல்லி அனுப்பினேனே, உங்களுக்குச் செல்லல்லயா?"

ஸில்மியா சொல்லத்தான் சொன்னாள். உம்மாவுக்குக் கார்ச் சத்தத்தில் தலையிடிக்கிறதாம் என்று சொன்னாள். அவனும் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பார்மசியில் பனடோல் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தான். அந்த டிக் டிக் பம்பின் சத்தம். முன்னால் எஞ்சின் இரைச்சலில் உட்காருகிறவர்களுக்கு அது கேட்காது.

சதீஸ் பெட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினான். பல்பைப் பிடித்தபடியே, அம்மா கொஞ்சம் எந்திரிச்சுக் காட்ட முடியுமா என்று பணிவாகக் கேட்டான். மாமி முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். பல்பு எரிந்தது, பம்ப் டிக் டிக்கென்றது. உட்கார்ந்தார். இரண்டும் நின்றன. இன்னொரு தடவை எழும்பினார், எரிந்தது. உட்கார்ந்தார், அணைந்தது.

"அம்மாவோட வெயிட்டு..." என்று சதீஸ் ஆரம்பித்தான். ஸரூக் அவன் காலை ஓங்கி மிதித்தான்.

ஸரூக் தேயிலைச் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். இதை எப்படிச் சொல்வது? வயர் பழசு, மழை ஈரம், செய்தானின் வேலை என்று மனதுக்குள் பொய்களை அடுக்கினான். ஒன்றும் தேறவில்லை.

மாமி தானாக இன்னொரு முறை எழும்பி, உட்கார்ந்து, காதைக் கொடுத்துக் கேட்டார்.

"அப்ப நாந்தான் சுவிச்சா?"

ஸரூக் பயந்துபோய் அவரைப் பார்த்தான். மாமியின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தான். மாமி சிரித்துக்கொண்டிருந்தார். துப்பட்டியால் வாயைப் பொத்தியும் அடங்காமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதன் பிறகுதான் சதீஸும் சிரித்தான். ஸரூக்குக்குச் சிரிப்பு கடைசியாகத்தான் வந்தது, ஆனால் வந்தது லேசில் போகவில்லை.

பின் சீட்டைக் கழற்ற வேண்டியிருந்ததால் மாமியை முன் சீட்டுக்கு மாற்றினார்கள். சேற்றில் கால் படாமல் ஸரூக் கால்மிதியை விரித்துக் கொடுத்தான். வயர் வெளியே பார்க்க நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. சதீஸ் மேலுறையை அறுத்துக் காட்டினான். உள்ளே கம்பி இரண்டாகப் போயிருந்தது. மாமி சாய்ந்து உட்கார்ந்தால் சீட்டின் சட்டம் அதை அமத்தி முனைகளைப் பிரிக்கும். எழும்பினால் முனைகள் ஒட்டிக்கொள்ளும். சீட்டையே கழற்றிவிட்டுத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? புது வயர் ஒன்றை ஓரமாக இழுத்துக் கட்டினான். பல்பு எரிந்தது. சரிபார்க்கப் பின் சீட்டில் தானே ஏறிக் குதித்தும் பார்த்தான். அணையவில்லை. கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பூக்கோவாவை மாமியின் கையில் கொடுத்தான்.

பின்னால் போய் இருங்க மாமி என்று ஸரூக் கதவைத் திறந்தான். மாமி அசையவில்லை.

"இங்கயே இரிக்கன். இவ்வளவு காலமும் உங்கட பொடறியத்தானே பாத்துட்டு வந்த. இங்க ரோடு தெரியுது."

ரோடு தெரிந்ததில் ஒரு வினையும் இருந்தது. வளைவு வருது, மெதுவா. ஹோன் அடிங்க. இந்த லொறிக்காரனுக்கு என்ன அவசரம்? அடைத்து வைத்திருந்த அத்தனை வருடப் பேச்சும் ஒரே ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தது. கார் நிற்கவில்லை, மாமியும் நிற்கவில்லை. காலடியில் எதையோ அமத்துகிறான் என்று அவனைச் சந்தேகப்பட்டதையும் மறைக்காமல் சொன்னார். தப்பு என்றும் சொன்னார். ஸரூக் கியரை மாற்றினான்.

எல்லக்குப் பிரியும் சந்தியை நெருங்கும்போது அவனுடைய போன் அடித்தது. யாரென்று மாமி கேட்டார். ஹோட்டல்காரர், நாளைக்கு லொறி அனுப்பவா என்று கேட்கத்தான் எடுக்கிறார் போல, என்றான். மாமி கையை நீட்டினார். அவன் போனைக் கொடுத்தான்.

"நான் அவர்ட மாமி பேசுறன். இது எங்கட கார், விக்கிறதுக்கில்ல. பூக்கண்டு நடுற எண்டா நெலத்துல நடுங்க."

போனை அணைத்து, மடியிலிருந்த பூக்கோவாவின் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கார் சந்தியைத் தாண்டிப் பண்டாரவளைப் பக்கம் ஏறியது. மழை விட்டிருந்தும் ஸரூக்குக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை.

"மகன்," என்றார் மாமி, "முன்னுக்கு பஸ் வருது. கண்ணத் தொடச்சிட்டு ஓட்டுங்க."