ஏழாம் நம்பர் காம்பரா

வெளிநாட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வந்த செய்தி அரை நாளில் எங்கள் மலையூர் கட்டபெட்டு முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர் அழகையாவேதான். அவருடைய தங்கச்சி தெய்வம்மாவின் கடைக்குட்டி ரேகா கனடாவில் நர்ஸ். மாப்பிள்ளையும் அங்கேதான் வேலை பார்க்கிறார். ஆனால் தாலி கட்டுவது இலங்கையில், ஹட்டன் பக்கத்து மலையில், ஒரு பெரிய ஹோட்டலில். கையில் காசு புரள்கிறவர்கள் இப்போது இப்படித்தான் செய்கிறார்களாம். இவர் தாய்மாமன். மாமன் இல்லாமல் மணவறையா?

இவர் பிறந்து வளர்ந்தது அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில்; தொழிலாளிகளுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகள், இவர் பேச்சில் காம்பரா. குடியுரிமை கிடைக்காமல் எண்பத்திரண்டில் அப்பாவோடு கப்பலேறி இந்தியா வந்து, இந்த மலையில் எஸ்டேட் வேலைக்குச் சேர்ந்தார். தெய்வம்மாவுக்கு முந்தின வருஷமே கல்யாணம் ஆகியிருந்தது. புருஷனுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை இருந்ததால் அவள் அங்கேயே நின்றுவிட்டாள். அப்புறம் யுத்தம் வந்தது. யுத்தம் இல்லாதபோது காசு இல்லை. ரேகா வயசுக்கு வந்த சடங்கில் மாமன் நிற்க வேண்டிய இடத்தில் பக்கத்து லயத்துக்காரர் ஒருவரை நிறுத்தினார்களாம். அதைச் சொல்லும்போதெல்லாம் இவர் குரல் கம்மிவிடும்.

"இந்த ஒண்ணுக்காவது நான் போய் நிக்கணும் ராஜகுமாரி" என்றார்.

நான் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்து டீக்கடை போட்டவரின் மகள். கல்யாணமான நாளிலிருந்து இவருடைய சிலோன் புராணத்தைக் கேட்டுக் காது புளித்தவள். அங்கே பனி வேறு, மழை வேறு, ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் சம்பல் வேறு. தேயிலைகூட அங்கே இருப்பதுதான் தேயிலையாம். அப்படியானால் நாங்கள் இங்கே இத்தனை வருஷம் பறித்தது புல்லா என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே கேட்பேன்.

செலவுக் கணக்கு என் பொறுப்பு. இவர் கையில் பணம் கொடுத்தால் போகிற வழியில் எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துத் தீர்த்துவிடுவார். எடுத்த எடுப்பிலேயே கப்பலில்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்தார். ராமேஸ்வரத்தில் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து ரயிலாம்.

"ஏனுங்க, அந்தக் கப்பல் நின்னு நாப்பது வருசமாச்சுங்க. இப்ப நாகப்பட்டினத்துல ஏறுனா யாழ்ப்பாணத்துப் பக்கம் எறக்கி உடுவாங்களாமா. அங்கிருந்து உங்க மலைக்கு ஒரு நாள் பஸ்ஸுங்க."

முகம் சுண்டிப்போயிற்று. கடைசியில் சென்னை வரை ரயில், பிறகு விமானம் என்று முடிவு செய்தோம். என் சீட்டுப் பணத்தில் டிக்கெட்டும் மாமன் சீருக்கு மோதிரமும் பட்டும். மீதிக்குள் தங்கும் செலவு அடங்க வேண்டும்.

ரேகா போனில் கேட்டாள். பழைய எஸ்டேட் ஒன்றைத்தான் ஹோட்டலாக்கியிருக்கிறார்களாம்; தங்குவதற்கு மூன்று வகை அறைகள் இருக்கின்றனவாம்: பங்களா, ஃபேக்டரி, லைன் ரூம். பணம் தானே கட்டிவிடுவதாகவும் சொன்னாள். மருமகள் காசில் மாமன் படுப்பதா என்று இவர் மறுத்துவிட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட இல்லை, சேர்ந்தே சொன்னோம், "லைன் ரூம்." பங்களாவும் லயமும் ஒரே இடத்தில் இருந்தால் நமக்கு எது என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாள் படத்தோடு விலை வந்தது. பங்களாவைவிட லைன் ரூம்தான் அதிகம். வெள்ளை மெத்தை, சுவருக்குப் பதில் கண்ணாடி, மூலையில் ஆள் படுத்துக் குளிக்கிற தொட்டி. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"லயத்துக்குள்ள தொட்டி கட்டி வெச்சிருக்கறானுங்க, பாருங்க!"

அவர் சிரிக்கவில்லை. போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார். கண்ணாடிக்கு வெளியே நடுவில் பிளந்த ஒரு பாறை தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க காம்பரா. ஏழாம் நம்பர். அந்தத் தொட்டி இருக்குற மூலையிலதான் அம்மா செத்துச்சு."

அதோடு பயணம் நின்றது.

"கூரை ஒழுகுதுன்னு எங்கப்பா தொரை வாசல்ல எத்தன தரம் போய் நின்னாரு தெரியுமா? ஒரு தகரம் மாத்திக் குடுக்கல. அதே காம்பராவுக்கு நான் காசு குடுத்துப் படுக்கணுமா? நான் வரல."

வேறு அறை கேட்கலாம் என்றேன். காதில் வாங்கவில்லை. சோறு இறங்கவில்லை அவருக்கு. டிக்கெட் விலையோ தினம் ஏறிக்கொண்டிருந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு நானே தெய்வம்மாவைக் கூப்பிட்டேன். இவர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அண்ணி, அந்த ஹோட்டல்தான் வேணும்னு கேட்டது ரேகா இல்ல, நான்தான்" என்றாள் தெய்வம்மா. "எல்லாரும் தலப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாங்க. எனக்குப் போக எங்க இருந்துச்சு? இவங்க கப்பலேறுன மறுவாரமே காம்பராவ வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. புருசன்கிட்ட கோவிச்சுக்கிட்டுப் போறதுக்குக்கூட எனக்கு ஒரு வாசல் இல்ல. கொழுந்தெடுக்க அந்தப் பக்கம் போனா தலையக் குனிஞ்சுக்கிட்டுத்தான் போவேன். ஒரு நாளைக்காவது அது எனக்கு அம்மா வீடா இருக்கட்டுமே. எம்மகள அந்த வாசல்லருந்து மணவறைக்கு அனுப்பணும். ஆனா அண்ணன் வந்து நின்னாத்தான் அண்ணி அது அம்மா வீடு. இல்லாட்டி வெறும் ஹோட்டல்தான்."

இவரோடு சண்டை வந்தால் நான் கூப்பிடு தூரத்தில் இருந்த அப்பாவின் கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். பொழுது சாய்வதற்குள் இவர் வந்து கூட்டிப்போவார். அப்படி ஓர் இடம் அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

கட்டில் முனகியது. இவர் எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"தெய்வம், நீ எப்ப வர்ற அங்க?"

"கல்யாணத்தன்னிக்குக் காலையிலண்ணே."

"அன்னைக்கு வேணாம், முந்தின நாளே வந்துரு."

அவர் என்னைப் பார்த்தார். இன்னும் ஒரு ராத்திரி வாடகைக்கு என் கணக்கில் இடமே கிடையாது. ஆனாலும் சரியென்று தலையை ஆட்டினேன்.

"நாங்க அதுக்கும் முந்தியே போய்க் கதவத் தொறந்து வச்சிருக்கோம். பொறந்த வீட்டுக்கு வர்றவ வாசல்ல நின்னு கதவத் தட்டக் கூடாது."